கையடக்கத் தொலைபேசி இல. 1

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஏறும் செங்குத்தான படிக்கட்டின் முடிவில் மலையக வதிவிட முகவரிப் பணியகத்தின் கிளை இருக்கிறது. அதன் நடு மேசையில் ஒரு கையடக்கத் தொலைபேசி இருக்கிறது. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் திரையைப் பிடித்துக்கொள்வார். மற்றவர் இரும்புப் பெட்டியைக் குழந்தையைப் போல அணைத்துக்கொள்வார். விசைப்பலகையும் சுட்டியும் வயரில் தொங்கியபடி பின்னால் வரும். திரையின் நெற்றியில் ஒட்டிய தாளில் 'கையடக்கத் தொலைபேசி இல. 1' என்று மூன்று மொழிகளிலும் அச்சிட்டிருக்கிறார்கள். அதன் கீழே சிறிய எழுத்தில், 'நகர்த்தக் கூடாது.'

ஒரு மேசைக் கணினி எப்படிக் கையடக்கத் தொலைபேசி ஆனது என்று படிப்படியாகச் சொன்னால் யாருக்கும் விளங்கிவிடும்.

தோட்டத்து லயங்களில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஓரறைக் காம்பராக்களில், இருப்பவர்களுக்குத் தனி முகவரி கிடையாது. எல்லாருடைய கடிதமும் தோட்டத்தின் பெயருக்கே வரும். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுப்பார். இந்த வழக்கத்தை ஒழிப்பதற்காகப் பணியகம் 'என் வாசல்' என்று ஒரு செயலியைச் செய்தது. நல்ல செயலி. உங்கள் காம்பரா வாசலில் நின்று போனில் அதைத் திறந்தால் வாசலைப் படம் பிடிக்கச் சொல்லும். மேலே சுற்றுகிற செய்மதிகளிடம் கேட்டு நீங்கள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளும். பிடித்திருப்பது மனிதக் கைதானா என்று பார்க்கப் போனை ஒரு தடவை குலுக்கச் சொல்லும். பிறகு அந்த வாசலுக்கென்று ஓர் இலக்கம் தரும். ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இவ்வளவு சுலபமாக முடிவது தலைமையகத்துக்குக் கவலையாக இருந்தது. பொதுமக்கள் தனியாகச் செய்தால் பிழை விடுவார்கள், ஆகவே அதிகாரியின் முன்னிலையில் பணியகத்திலேயே பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு சுற்றுநிருபம் வந்தது. செயலி மற்றவர்களின் போன்களில் இயங்காதபடி பூட்டப்பட்டது. ஆனால் பணியகத்துக்குள் எவரும் போன் பாவிக்கக் கூடாது, வாசலில் உள்ள பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்று பழைய சுற்றுநிருபம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் கடைப்பிடிக்க வேண்டுமானால், போன் இல்லாமல் போன் செயலியை இயக்க வேண்டும்.

அதற்கும் ஒரு வழி உண்டு. அழகான வழி. கணினியில் ஒரு மென்பொருளைப் போட்டால், அது உள்ளேயே ஒரு போனைப் போல நடிக்கும். "நீ போனா?" என்று செயலி கேட்கும். "ஆம்" என்று அது சொல்லும். "பற்றரி எவ்வளவு?" "நிறைய." "உனக்குக் கெமரா உண்டா?" கணினியில் செருகியிருக்கும் சிறு கெமராவைக் காட்டி, "இதோ" என்று சொல்லும். "இப்போது எங்கே நிற்கிறாய்?" இதற்கு மட்டும் அதனிடம் சொந்தப் பதில் கிடையாது. யாராவது எந்த இடத்தை எழுதி வைத்திருக்கிறார்களோ அந்த இடத்தைச் சொல்லும். செயலி அப்படியே நம்பிவிடும்.

தொடக்கத்தில் யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. மென்பொருளைச் செய்தவர்கள் எழுதியிருந்த அமெரிக்க இடம்தான் உள்ளே இருந்தது. அதனால் திறப்பு விழா அன்று நடந்த ஒரே பதிவுக்கு அமெரிக்காவில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் வாசல் கிடைத்தது. ரிபன் வெட்டியதும் முதல் ஆளாகப் பதிவு செய்துகொண்டவர் கிளைப் பொறுப்பதிகாரி யோகேஸ்வரன். பின்னர் கொழும்பிலிருந்து ஒரு தொழில்நுட்பவியலாளர் வந்து, இடத்தை ஹட்டன் கிளை என்று திருத்தி எழுதி, இனி எவரும் இதைத் தொடக் கூடாது என்று கையொப்பமிட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் ஜீவராணி படியேறினாள்.

ஜீவராணி பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மேல் டிவிசன்காரி. தாய்மார் கொழுந்தெடுக்கப் போன பின் அவர்களுடைய குழந்தைகளை வைத்துப் பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் உதவியாளாக இருந்தாள். பொறுப்பாளர் பதவிக்குப் பரீட்சை எழுதிச் சித்தியும் அடைந்தாள். நேர்முகத்துக்கு அழைத்த கடிதம் பெரட்டுக்கு வந்த காலை, அவள் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கண்டாக்கு "ஜீவராணி" என்று கூப்பிட, கீழ் டிவிசன் ஜீவராணி கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அதுவரை அரசாங்கக் கடிதம் எதுவும் வந்ததில்லை. மூலையில் மஞ்சள் தடவி, பிரிக்காமலேயே சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் காட்டி வந்தாள். உண்மை தெரிந்தபோது நேர்முகம் முடிந்து, பதவிக்கு வேறு யாரோ வந்து சேர்ந்துவிட்டார்கள்.

இந்த வருஷம் இன்னோர் இடம் காலியானது. ஜீவராணி மறுபடி எழுதி மறுபடி சித்தியடைந்தாள். அடுத்த வருஷம் வயதெல்லை தாண்டிவிடும். உறுதிப்படுத்திய முகவரி இலக்கம் உள்ளவர்களுக்கே கடிதம் அனுப்புவோம் என்று இந்தத் தடவை அறிவித்திருந்தார்கள்.

"போய் ஒரு நம்பர எடுத்துக்கிட்டு வா" என்றான் அவள் கணவன் அழகன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவன். "வாசல் நம்மகிட்டதான இருக்கு. எங்கயும் ஓடிறாது."

பணியகத்தில் அவள் போன் பிஸ்கட் டின்னுக்குள் போனது. பிறகு அவளை மண்டபத்தின் நடுவே அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு கதவு நிலை தனியாக நின்றது. சுவர் இல்லை, கதவும் இல்லை. நீலப் பெயின்ற் அடித்த நான்கு மரச்சட்டங்கள் மட்டும். மேலே மாவிலைத் தோரணம் காய்ந்து சுருண்டிருந்தது.

"இது என்னங்க சார்?"

"வாசல்" என்றார் யோகேஸ்வரன். "வாசல்ல நின்னு படம் பிடிக்கணும்னு செயலி கேக்குது. கெமரா வயரு ரெண்டு முழம். உங்க லயம் வரைக்கும் வருமா? வராது. அதனால வாசல இங்க கொண்டாந்திட்டோம். மக்கள் காலடிக்குச் சேவையக் கொண்டு போறதுங்கிறது இதுதான். செருப்பக் கழட்டி வெளிய விட்டுட்டு நில்லுங்கம்மா."

ஜீவராணி நிலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு பக்கம் மேசை. மறு பக்கம் அலுமாரி.

"வெளிய எந்தப் பக்கங்க சார்?"

யோகேஸ்வரன் யோசித்தார். அதுவரை யாரும் கேட்டதில்லை. "கெமராவுக்குத் தெரியாத பக்கம்" என்றார்.

படம் எடுத்தாயிற்று. திரையில் 'போனைப் பக்கவாட்டில் திருப்பவும்' என்று வந்தது. பொய்ப் போனைத் திருப்ப மென்பொருளின் ஓரத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அது கிளையில் எவருக்கும் தெரியாது. பியோன் செல்லசாமி வந்து, பெரிய திரையை இரு கையாலும் பிடித்து, அப்படியே விலாப்புறமாகச் சாய்த்து, இரண்டு கொப்பிக் கட்டுகளின் மேல் வைத்தார். யோகேஸ்வரன் கழுத்தைத் தோளோடு சேர்த்துச் சாய்த்து வாசித்தார். அந்தக் கழுத்து நிரந்தரமாகக் கொஞ்சம் அந்தப் பக்கமாகவே நின்றுவிட்டதென்று ஊரில் சொல்வார்கள்.

அடுத்து, 'போனைக் குலுக்கவும்.'

"எல்லாரும் தள்ளிக்கங்க" என்றார் செல்லசாமி. மேசையின் முன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றைக் கொடுத்து, பலங்கொண்ட மட்டும் குலுக்கினார். பேனாத் தாங்கி விழுந்தது. கீழே தேநீர்க் கடையில் யாரோ கூரையைப் பார்த்து ஏதோ சொல்வது கேட்டது. திரையில் 'நன்றி' என்று வந்தது.

செல்லசாமி குலுக்கினால் மட்டுமே 'நன்றி' வரும். மற்றவர்கள் எத்தனை பேர் சேர்ந்து ஆட்டினாலும் வராது. அவர் குலுக்கும்போது அவருடைய வயிறு விசைப்பலகையின் ஓரத்தில் அழுந்தும். அங்கே இருக்கும் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால், 'குலுக்கியதாக வைத்துக்கொள்' என்று பொய்ப் போனுக்குக் கட்டளை போகும். விஷயம் அவ்வளவுதான். பணியகம் இதை ஆராய்ந்து பார்த்து, செல்லசாமியைத் தற்காலிகமாகப் பதில் கடமை அசைவு உத்தியோகத்தராக நியமித்தது. அவருக்கு லீவு கிடையாது. உடம்பைக் குறைக்கும்படி வைத்தியர் எழுதிக் கொடுத்ததைக் காட்டியபோது, சேவையின் தேவை கருதி அனுமதிக்க முடியாது என்று யோகேஸ்வரன் பதில் எழுதினார்.

கடைசியில் இலக்கம் வந்தது. வாசல் இலக்கம் 1, மேல் மாடி, பஸ் நிலைய வீதி, ஹட்டன்.

ஜீவராணி இரண்டு தடவை வாசித்தாள். "சார், இது உங்க ஆபீசுங்க."

"ஆமா."

"எங்க காம்பரா பொகவந்தலாவையில இருக்கு."

"இருக்கலாம்" என்றார் யோகேஸ்வரன். "ஆனா பதிவு பண்ணினப்ப போன் இங்கதான நின்னுச்சு?"

"எனக்கு முன்னாடி வந்தவங்களுக்கு என்ன நம்பருங்க?"

"ஒன்னு. ஒரே எடம், ஒரே வாசல், ஒரே நம்பர். ஒரு ஆளுக்குக் கூட இந்தச் செயலி பிழையா ரெண்டுன்னு குடுத்ததில்ல. அவ்வளவு துல்லியம்." அவர் குரலில் உண்மையான பெருமை இருந்தது.

டின்னிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிய ஜீவராணி, பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் பஸ்லானின் போன் கடைக்குள் நுழைந்தாள். போனில் காசு ஏற்ற, ரீலோட் போட வருகிற பழக்கம். நடந்ததைச் சொன்னாள். பஸ்லான் தன் மடிக்கணினியைத் திருப்பி வைத்தார்.

"இஞ்ச பாருங்க தங்கச்சி. எனக்கிட்டயும் ஈக்கி இந்தப் பொய்ப் போன். புதுசா வாற செயலியெல்லாம் இதுலதான் போட்டுப் பாக்குற." திரையில் ஒரு வரைபடம் திறந்தது. "இப்ப இந்தப் போன் எங்க நிக்கிது?"

"ஹட்டன்ல."

"நான் இப்ப இதுல வட்டவளைண்டு எழுதுறன்." சிவப்புப் புள்ளி ஒன்று துள்ளி வட்டவளையில் நின்றது. "எந்திரிச்சனா? இல்ல. ரெயில்ல ஏறினனா? இல்ல. இப்ப நல்லதண்ணி, மலை அடிவாரம்." புள்ளி மறுபடி துள்ளியது. "இப்ப மலை உச்சி. பாருங்க, ஒரு படி ஏறல்ல. முழங்கால் நோவும் இல்ல. கீழ எறங்குற வேலையும் இல்ல."

ஜீவராணி திரைக்குக் கிட்ட வந்தாள். "எங்க லயத்த எழுதினா?"

பஸ்லான் எழுதினார். புள்ளி பொகவந்தலாவைக்கு மேலே, பச்சையான ஒரு மடிப்பில் போய் நின்றது. பெரிதாக்கியபோது தகரக் கூரைகள் தெரிந்தன. பிள்ளைக் காம்பராவின் நீலக் கூரை கூடத் தெரிந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா அதச் செய்ற விசை அவர்ட மேசையில ஈக்கி. எனக்கிட்ட ஈக்கிறது ரீலோட் மட்டும்தான்."

மறுநாளே ஜீவராணி, அழகனையும் கூட்டிக்கொண்டு மறுபடி படியேறினாள். யோகேஸ்வரன் பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது.

"அதாவது, போன் இல்லாத எடத்துல போன் இருக்குன்னு எழுதச் சொல்றீங்க."

"ஆமாங்க சார். ஒரு வரிதான்."

"பொய் எழுதச் சொல்றீங்க. ஒரு அரசாங்க அதிகாரிய."

"அந்தப் போனே பொய்தானங்க சார்" என்றான் அழகன்.

யோகேஸ்வரன் எழுந்து நின்றார். முக்கியமான விஷயங்களை அவர் நின்றுதான் சொல்வார். "போன் பொய்யா இருக்கலாம். வாசல் பொய்யா இருக்கலாம். குலுக்குறது கூட ஒரு விதத்துல பொய்தான், நான் மறுக்கல. ஆனா அது இருக்கிற எடம் உண்மை. இந்தக் கொம்பியூட்டர் ஹட்டன்ல இருக்கு. நீங்களே கையால தொட்டுப் பாக்கலாம். இந்த முழு நடைமுறையிலயும் உண்மையா மிஞ்சினது அது ஒன்னுதான். அதையும் அழிக்கச் சொன்னா நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

செல்லசாமி மெதுவாகத் தலையாட்டினார். அவரைக் கவனித்த யோகேஸ்வரன் இன்னும் கொஞ்சம் இளகினார்.

"உங்க வீடு பொகவந்தலாவையிலதான் இருக்குன்னு நீங்க நிரூபிக்கணும்னா, முறைப்படி ஒரு வழி இருக்கு. போன உங்க வீட்டுக்குக் கொண்டு போவோம். கையடக்கத் தொலைபேசிதான. கொண்டு போறதுக்குத்தான் கையடக்கம்."

நகர்த்தக் கூடாது என்ற தாள் ஒரு தடையாக இருந்தது. செல்லசாமி அதைப் பக்குவமாக உரித்து மேசையில் ஒட்டினார். மேசை நகரவில்லை. போன் நகர்ந்தது. விதி மீறப்படவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பும் கொழுந்து லொறியில் இடம் கிடைத்தது. வெற்றுச் சாக்குகளின் மேல் திரையையும் பெட்டியையும் கதவு நிலையையும் ஏற்றி, யோகேஸ்வரன் நிலைக்குள் உட்கார்ந்துகொண்டார். லொறி வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் செல்லசாமி திரையை மார்போடு அணைத்துக்கொண்டார். மேல் டிவிசனில் லயத்துப் பிள்ளைகள் தேர் வருகிறதென்று ஓடி வந்தார்கள்.

பிள்ளைக் காம்பராவிலிருந்து வயர் இழுத்து மின்சாரம் கொடுத்தார்கள். ஜீவராணியின் சொந்த வாசலுக்கு முன்னால் நீல வாசலை நிறுத்தினார்கள். இரண்டு வாசலையும் சேர்த்துக் கெமராவில் காட்டினார்கள். அழகன் எல்லாருக்கும் தேநீர் கொடுத்தான். செல்லசாமி பலகை மேசையைக் குலுக்கினார். திரையில் வந்தது:

'நீங்கள் இருக்கும் இடம்: மேல் மாடி, பஸ் நிலைய வீதி, ஹட்டன்.'

வேறெதுவும் வர வழியில்லை. பொய்ப் போனுக்குச் செய்மதியும் தெரியாது, மலையும் தெரியாது, லொறியில் வந்ததும் தெரியாது. எழுதி வைத்ததை அது சொல்கிறது.

யோகேஸ்வரன் திரையைப் பார்த்தார். பிறகு லயத்தைப் பார்த்தார். மேலே இறங்கும் பனியையும், கீழே தேயிலைச் சரிவையும், சுற்றி நின்ற பிள்ளைகளையும் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"செல்லசாமி, எழுதிக்குங்க" என்றார். "களப் பயணம் ஆரம்பமானதற்குச் சான்று இல்லை."

"சார், நாங்க வந்து சேந்து ஒரு மணித்தியாலம் ஆச்சுங்களே" என்றார் செல்லசாமி.

"நீங்க சொல்றீங்க. போன் சொல்லலியே."

"அப்ப நீங்க குடிச்ச டீ?" என்று கேட்டான் அழகன்.

"ஹட்டன்ல குடிச்சதா வச்சுக்குவோம்" என்றார் யோகேஸ்வரன். "நல்ல டீ."

அந்த வாரத்தின் முடிவில் அறிவித்தல் வந்தது. மாவட்டப் பரிசோதகர் நேரில் வருவார். பதிவு செய்த முகவரியில் வசிக்காதவர்களின் இலக்கம் ரத்தாகும். அவர்களுக்கு வரும் தபால் அனுப்பியவருக்கே திரும்பும். பரிசோதனை நாள், திங்கட்கிழமை. நேர்முகக் கடிதங்கள் இந்த வாரமே தபாலில் சேர்க்கப்பட்டுவிட்டன என்று பிள்ளைக் காம்பராவுக்கு வந்த மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

ஜீவராணி அன்றிரவு ஒரு பையில் சட்டி, கேத்தல், பாய், இரண்டு கோப்பை எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள்.

"எங்க போற?" என்றான் அழகன்.

"நம்ம வீட்டுக்கு."

"இது என்ன?"

"இது இன்னும் பதிவாகல."

அழகன் மண்ணெண்ணெய் அடுப்பை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவர்கள் இருவரும் மட்டும் இல்லை. மேல் டிவிசனிலும் கீழ் டிவிசனிலும் ஒன்றாம் இலக்கத்தில் பதிவாகியிருந்த எல்லாரும் ஏறினார்கள். கூட்டிப் பெருக்க வந்த செல்லசாமி கதவைத் திறந்தபோது படிக்கட்டு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

"என்னங்கம்மா இது?"

"நாங்க இங்கதானங்கண்ணே இருக்கோம்" என்றாள் ஜீவராணி. "உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான குலுக்கினீங்க."

செல்லசாமி யோசித்துப் பார்த்து வழி விட்டார். ஆட்கள் பழக்க தோஷத்தில் லயம் லயமாகவே பிரிந்து உட்கார்ந்தார்கள். கோப்பு அலுமாரிப் பக்கம் மேல் டிவிசன், ஜன்னல் பக்கம் கீழ் டிவிசன். சுவரோர பெஞ்சில் ரொட்டி தட்டினார்கள். கதவு நிலையில் யாரோ துணி காயப்போட்டார்கள். தோரணத்துக்குப் புது மாவிலை கட்டினார்கள். எட்டரைக்கு யோகேஸ்வரன் வந்து வாசலில் நின்றபோது, கீழ் டிவிசன் ஜீவராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருங்க வேணும்?"

அவர் பதில் சொல்வதற்குள் மாவட்டப் பரிசோதகர் ஷாமிலா படியேறி வந்துவிட்டார். நுவரெலியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். இளம் பெண், மெல்லிய குரல், கையில் பெயர்ப் பட்டியல். எதிலும் கூடுதலாக ஒரு சொல் பேசாதவர் என்று பெயர் வாங்கியிருந்தார். பட்டியலில் ஒன்றாம் இலக்கத்தின் கீழிருந்த முதல் பெயரைக் கூப்பிட்டார். ஆள் கை தூக்கினார். அடுத்த பெயர். கை. அடுத்தது. கை.

"மேடம்" என்றார் யோகேஸ்வரன். "இவங்க யாரும் இங்க வசிக்கிறவங்க இல்ல."

ஷாமிலா பட்டியலிலிருந்து நிமிர்ந்தார். "அப்படியெண்டா நீங்க செஞ்ச பதிவெல்லாம் பிழையா?"

கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. யோகேஸ்வரனின் கழுத்து வழக்கமான பக்கத்துக்குச் சாய்ந்தது. பதிவுகள் பிழை என்றால் அத்தனையிலும் அவருடைய கையொப்பம் இருந்தது.

"பதிவு சரி" என்றார்.

"அப்ப இவங்க இங்கதான் வசிக்கிறாங்க."

"வசிக்கிறாங்க" என்றார் யோகேஸ்வரன். கொஞ்சம் இடைவெளி விட்டு, "நீண்ட காலமா" என்று சேர்த்துக்கொண்டார். செய்வதை ஒழுங்காகச் செய்கிற மனிதர்.

ஷாமிலா ஒன்றாம் இலக்கத்துப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் சரி போட்டார். பிறகு பட்டியலின் முதல் பக்கத்துக்குப் போய், நெற்றியைச் சுருக்கினார்.

"நீங்கதானே யோகேஸ்வரன்? முதல் பதிவு உங்கடது. உங்கட வாசல் அமெரிக்காவில."

"அது ஆரம்பத்துல நடந்த ஒரு..."

"பிழையா?"

"பிழை இல்ல" என்றார் யோகேஸ்வரன்.

"பிழை இல்லையெண்டா நீங்க இப்ப வெளிநாட்டில இருக்கீங்க" என்றார் ஷாமிலா. "லீவு எடுத்திருக்கீங்களா?"

அந்த நேரத்தில் தபால்காரர் வந்தார். ஒன்றாம் இலக்கத்துக்கென்று ஒரு கட்டுக் கடிதம் கொண்டுவந்தவர், கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாகப் பெயர் வாசித்தார்.

"ஜீவராணி."

இரண்டு பேர் எழுந்தார்கள். ஒரே பெயர், ஒரே தோட்டம், இப்போது ஒரே வாசல். மேல் டிவிசன் ஜீவராணி கடித உறையையே பார்த்தாள். அரசாங்க முத்திரை தெரிந்தது. தபால்காரருக்குக் கிட்டே இருந்தவள் கீழ் டிவிசன் ஜீவராணி. அவள் கை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். முந்தானையில் துடைத்தாள்.

"இந்தாடி" என்று நீட்டினாள். "எனக்கு வீட்ல ஏற்கனவே ஒன்னு இருக்கு. ரெண்டு வச்சுக் கும்புட எடமில்ல."

ஜீவராணி அங்கேயே, அலுமாரிக்கும் கதவு நிலைக்கும் நடுவில் நின்று பிரித்தாள். நேர்முகம் வியாழக்கிழமை. அழகன் அடுப்பை அணைத்தான்.

அவள் இப்போது பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளர். நியமனக் கடிதமும் ஒன்றாம் இலக்கத்துக்குத்தான் வந்தது. எல்லாருடைய கடிதமும் இன்றுவரை அங்கேதான் வருகிறது. முகவரியை மாற்ற வேண்டுமென்றால் ஏற்கெனவே கொடுத்த முகவரி பிழை என்று யாராவது எழுதித் தர வேண்டும். பரிசோதனையில் எல்லாம் சரியென்று பதிவாகியிருப்பதால் அப்படி எழுத ஆளில்லை.

ஆகவே ஒவ்வொரு காலையும் தோட்டங்களிலிருந்து டிவிசனுக்கு ஓராள், முறை போட்டு, முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு வருகிறார். படிக்கட்டின் கீழே வரிசையாக நிற்கிறார்கள். மேல் படியில் நின்று யோகேஸ்வரன் கடிதக் கட்டைப் பிரித்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, உரக்கப் பெயர் கூப்பிடுகிறார். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், "எந்த டிவிசன்?" என்று கண்டாக்கு ஐயாவின் அதே தொனியில் கேட்கிறார். பெரட்டை ஒழித்ததற்காக அந்தக் கிளைக்குத் தலைமையகத்தின் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது. கதவு நிலையில் மாட்டியிருக்கிறார்கள்.

யோகேஸ்வரனின் பதவி உயர்வுக் கடிதமும் அனுப்பியாகிவிட்டதென்று தலைமையகம் சொல்கிறது. அவர் தினமும் கட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்க்கிறார். அவர் பெயருக்கு மட்டும் இதுவரை எதுவும் வரவில்லை. அமெரிக்காவில் அந்த வாகனத் தரிப்பிடத்தில் யார் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள் என்பது தெரியவில்லை.